இறங்கிய காட்சி யாருக்குச் சொந்தம்?

முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். சிமெண்ட் ரோடு. இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு வேப்பிலைத் தோரணம் கட்டியிருக்கிறது. ஆடி மாசம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற நாள் குறித்தாகிவிட்டது. ஒரு ஆடு குறுக்கே போகிறது. படத்தின் அடியில் என் சைக்கிளின் முன்சக்கரம் பாதி தெரிகிறது. எனக்கு மூச்சிரைக்கிற சத்தம் கேட்கிறது. அப்புறம் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "டேய், எறங்கித் தள்ளிக்கினு போடா. சாமி தெருடா இது." அதற்கு முன்னாலும் பின்னாலும் சாதிப் பெயர். குரலில் கோபம்கூட இல்லை. மழை வருது, துணியை எடு என்று வீட்டுக்குள் சொல்கிற மாதிரியான குரல். கேமரா என் ஹேண்டில்பாரில் இருந்ததால் அது ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் ஹேண்டில்பாரைத் திருப்பின பிறகுதான் அதுவும் திரும்புகிறது. எனக்குப் பின்னால் வந்த பையன் கீழே நிற்கிறான். திண்ணையில் ஒரு பெரியவர் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கவே இல்லை. எதிர்வீட்டு அம்மா ஒருவர் உள்ளே போய்விடுகிறார். ஒரு இளைஞன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. பிறகு இன்னொரு குரல். "சரிங்க, சின்னப் பையன், தெரியாம வந்துட்டான்."

அது என் குரல்.

அதற்குப் பிறகு படம் குலுங்கிக் குலுங்கி நகர்கிறது. சைக்கிளில் உட்கார்ந்து போகிறவன் எடுத்த படம் வழுக்கிக்கொண்டு போகும். தள்ளிக்கொண்டு நடக்கிறவன் படம்தான் இப்படிக் குலுங்கும். நானும் இறங்கிவிட்டேன்.

என்னை அவர் இறங்கச் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். நான் டவுன்காரன். கண்ணாடி, தோள்பை. வாத்தியார் என்று நினைத்திருப்பார். என் சாதி அவருக்குத் தெரியாது. அப்படியிருக்க நான் ஏன் இறங்கினேன்? பையனுக்குத் தோழமையாக இறங்கினேன் என்று பிறகு இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். படத்தைப் பத்து தடவை பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த கேள்வி என்னைப் பார்த்து வந்துவிடுமோ என்ற பயத்தில் இறங்கியிருக்கிறேன்.

ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து பதினாறு பதினேழு கிலோமீட்டர், அவ்வளவுதான். திசைகூட வேண்டாம். அந்த ஊர்க் காலனியில் வாரத்தில் இரண்டு சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கிறேன். (காலனி என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். ஊர்க்காரர்கள் வாயிலிருந்து அதை எடுக்க எந்தத் துறை வரும் என்று தெரியவில்லை.) அன்றைக்குப் பையன் டவுனுக்கு வந்திருந்தான், சேர்ந்து திரும்பினோம். காலனிக்கு வழக்கமாகப் போகிற ஏரிக்கரைப் பாதை மழையில் சேறாகிக் கிடந்தது. ஊர்த்தெரு வழியாகப் போகலாம்ணா என்றது அவன்தான். அவனுக்குப் பதினாறு வயது, பதினொன்றாவது. அவன் ஓட்டி வந்தது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் அது. ஏறுவதற்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது, இறங்கச் சொல்லத் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கிறது.

கேமரா எப்படி வந்தது என்றால், செங்கம் ரோட்டில் ஒரு கார் என்னை இடித்துத் தள்ளிவிட்டு, நானே வந்து விழுந்ததாகச் சாதித்தது. சாட்சி சொல்ல ஒருத்தரும் இல்லை. அதைப் பார்த்து என் மச்சான் தீப்பெட்டி அளவு கேமரா ஒன்றை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டான். "இனிமே ரோடே உனக்குச் சாட்சி மாமா" என்றான். மாட்டின முதல் வாரம் கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரையும் சுற்றிவந்து ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்தேன். எமலிங்கத்துக்கும் நிருதிலிங்கத்துக்கும் இடையில் மரத்தடியில் தூங்குகிற மனிதர்கள், அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கிற கிழவி, புண் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவர். யாரையும் நான் படம் எடுக்கப் போகவில்லை, எல்லோரும் வந்து விழுந்திருக்கிறார்கள். நம் ஊரில் இது புதிதல்ல. மலையைப் படம் எடுக்க வருகிற ஒவ்வொருவரும் அடிவாரத்துப் பசியையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காவி வேட்டிக்கும் நரைத்த தாடிக்கும் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் ஆல்பத்தில் இடமுண்டு. அன்றைக்கு அந்தப் படங்களை அழித்துவிட்டுத் தூங்கினேன். அது சுலபமாக இருந்தது. எனக்கும் அந்தக் கிழவிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று நினைத்ததால் சுலபமாக இருந்தது.

ஊர்த்தெருப் படத்தை அப்படி அழிக்க முடியவில்லை.

தோழர்களிடம் காட்டினேன். காட்டியதே தப்பு என்று இப்போது நினைக்கிறேன், பையனைக் கேட்காமல் காட்டினேன். ஒருவர் உடனே சொன்னார், "இன்னைக்கு ராத்திரியே யூடியூப்ல போடுங்க தோழர். காலைல கலெக்டர் ஆபீஸ் அதிரும்." இன்னொருவர் வக்கீலுக்குப் படிக்கிறவர். போலீசுக்குக் கொடுங்கள், வேறு எங்கேயும் காட்டாதீர்கள் என்றார். மூன்றாவது ஒரு பெரியவர், பல போராட்டங்களில் ஜெயிலுக்குப் போனவர், படம் முடிந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இத்தப் பாத்து ஊர்க்காரன் மாறுவான்னு நெனைக்கிறியா? அவன் தெனமும் நேர்ல பாக்கறதுதானே இது?"

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், நம்மில் பலருக்கே இது தெரியாது. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26இல் நடப்புக்கு வந்தது. அதில் மூன்றாம் பிரிவின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ போடுவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறது. குதிரையையும் விடவில்லை. அதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு நாட்டின் பார்லிமெண்ட், இருபத்தோராம் நூற்றாண்டில், சைக்கிள் என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால் எத்தனை தெருக்களில் எத்தனை பேர் இறங்கியிருக்க வேண்டும்! அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இறங்கினவர்களின் வரிசையே நிற்கிறது. அவர்களில் யாருக்கும் படம் இல்லை. வாய்ச்சொல்தான். வாய்ச்சொல்லைக் கேட்ட ஸ்டேஷன்கள் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். "இறங்கச் சொன்னதுக்கு என்னப்பா ஆதாரம்?"

இப்போது ஆதாரம் இருக்கிறது. குரல், முகம், சாதிப் பெயர், தெரு, பார்த்தவர்கள். பொதுமக்கள் பார்வையில் நடந்ததா என்று கோர்ட் கேட்குமே, அதற்கும் பதில் படத்திலேயே நிற்கிறது, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். அப்புறம் என்ன தயக்கம் என்று நீங்கள் கேட்கலாம்.

முதல் தயக்கம் கேவலமானது, அதனால் அதை முதலில் சொல்கிறேன். என் குரல். அந்த ஐந்து சொற்களை மட்டும் வெட்டிவிட்டால் படம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று யோசித்தேன். யோசித்தது மட்டுமில்லை, கம்ப்யூட்டரில் வெட்டியும் பார்த்தேன். பெரியவர் சொல்கிறார், பையன் இறங்கி நிற்கிறான், அதோடு முடிகிறது. பார்க்கிறவன் கொதித்துப் போவான். அந்த வடிவத்தில் நான் படம் எடுத்த போராளி. முழு வடிவத்தில் நான் கெஞ்சினவன். ஆனால் சட்டம் இந்த விஷயத்தில் இரக்கமில்லாதது. முன்பு 65பி என்று சொன்ன சான்றிதழ், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவாகியிருக்கிறது. பதிவைக் கோர்ட்டில் வைக்கிறபோது அதற்கான கணக்கீட்டு எண் ஒன்றையும் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு விநாடியை வெட்டினால் அந்த எண் மாறிவிடும். என் மானத்தைக் காப்பாற்றின படம் சாட்சியமாக நிற்காது. அவன் நியாயத்துக்கு உதவ வேண்டுமானால் என் கோழைத்தனமும் சேர்ந்தே போக வேண்டும். வெட்டின பிரதியை அழித்தேன்.

தெரியாம வந்துட்டான் என்றேனே, அவனுக்கு என்ன தெரியாது? பிறந்ததிலிருந்து அதே ஊர். எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்த இடத்தில் திரும்ப ஏறலாம் என்று அவன் பாட்டன் காலத்து வரைபடமே அவன் காலில் இருக்கிறது. தெரிந்துதான் ஏறி வந்தான். அண்ணன் முன்னால் போகிறார் என்ற தைரியத்தில் வந்தான். அவன் செய்தது ஒரு சின்னக் கலகம். அதைத் தெரியாத்தனம் என்று ஊருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நான்.

இரண்டாவது தயக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவன் அம்மா. படம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சாயங்கால வகுப்பு முடிந்ததும் வந்து நின்றார். நூறுநாள் வேலை இல்லாத நாட்களில் ஊர்க்காரர் நிலத்தில்தான் நடவும் களையும். அந்தத் திண்ணைக்காரர் நிலமும் அதில் உண்டு. "தம்பி, உங்க பொட்டில கீறது எம்புள்ள மானம். அத்த எட்த்து எங்க வெக்கப் போறீங்க?" என்றார். எனக்குப் பதில் இல்லை. நியாயம், வழக்கு, சட்டம் என்று ஏதோ சொன்னேன். "கேசு போடுங்க, வாணான்னு சொல்லல. நாலு பேரு போன்ல எம்புள்ள எறங்கறத திருப்பித் திருப்பிப் பாக்கக் கூடாது. ஒரு தபா எறங்கனது போதும்."

ஒரு தபா எறங்கனது போதும் என்பதுதான் கேள்வியே. படம் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அவன் ஒவ்வொரு தடவை இறங்குகிறான். பார்க்கிறவனுக்கு அது செய்தி, கோபம், பரிதாபம், சில பேருக்கு ருசி. அவனுக்கு அது எண்ணிக்கை.

அதற்காக மூடி வைப்பதே மானம் என்று சொல்லிவிட முடியுமா? 1999 ஜூலை 23 தாமிரபரணியை நினைத்துப் பாருங்கள். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். தண்ணீருக்குள் நிற்கிறவர்கள் மேல் லத்தி விழுகிற காட்சி படத்தில் பதிவாகியிருந்தது. ஆர்.ஆர். சீனிவாசன் அதை 'ஒரு நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக்கினார். அந்தக் காட்சிகள் இல்லாவிட்டால், கலவரக்காரர்கள் தாமாகவே ஓடி ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள் என்பது மட்டுமே வரலாறாக மிஞ்சியிருக்கும். செத்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க முடியாது, கேட்டிருந்தாலும் காட்டு என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். நம் தலைமுறையில் பலரை அரசியலுக்கு இழுத்து வந்தது அந்தப் படம்.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பஸ் நிலையத்தருகே சங்கரை வெட்டிக்கொன்ற காட்சி சி.சி.டி.வி.யில் விழுந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து டி.வி.க்களில் ஓடியது, செல்போன்களில் ஓடியது. வழக்கில் அந்தப் பதிவு வேலை செய்தது, 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் தண்டனை கொடுத்தது. 2020 ஜூனில் ஹைகோர்ட் கௌசல்யாவின் அப்பாவை விடுதலை செய்து, வெட்டினவர்களின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அது ஒரு பக்கம். மறுபக்கம், அதே காட்சியைச் சாதி மாறிக் காதலிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பார்த்தது. அதைப் பார்த்துக் கொதித்தவர்களும் உண்டு, பார்த்துக்கோ என்று வீட்டுப் பெண்ணுக்குக் காட்டினவர்களும் உண்டு. காட்சி ஒன்றுதான், நமக்கு அது சாட்சியம், அவர்களுக்கு அது எச்சரிக்கைப் பலகை. நான் போடுகிற படத்தைப் பார்த்து எந்த ஊரிலோ ஒரு பையன், ஓகோ இங்கேயும் இறங்கணும் போல என்று கற்றுக்கொண்டால்?

கோகுல்ராஜ் வழக்கு என்னை இன்னும் ஆழமாக உலுக்கியது. 2015 ஜூன் 23, திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோவிலிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் உடல். கோவில் கேமராப் பதிவுகள் இருந்ததால்தான் தற்கொலைக் கதை நிற்கவில்லை. 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் யுவராஜ் உட்பட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023 ஜூனில் ஹைகோர்ட் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. கோகுல்ராஜின் அம்மா சித்ரா விடாமல் நின்றார். ஆனால் அந்த வழக்கில் ஒரு கணம் இருக்கிறது. அன்றைக்குக் கோகுல்ராஜோடு கோவிலில் இருந்த தோழியை ஹைகோர்ட்டில் நிறுத்தி, பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பெண் தன் உருவத்தையே பார்த்து, அது நானில்லை என்றார். பொய் என்று கோர்ட் கோபித்துக்கொண்டது, நாமும் கோபித்துக்கொண்டோம். கோபம் சரிதான். ஆனாலும் எந்த அளவுக்குப் பயமுறுத்தினால் ஒரு மனுஷி தன் முகத்தைத் தன்னுடையது இல்லை என்று சொல்வாள் என்று யோசியுங்கள். படம் பத்திரமாக இருந்தது, படத்திலிருந்த ஆளைப் பத்திரமாக வைக்க நம்மால் முடியவில்லை.

அதனால் போலீசுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. அதே சேரியைச் சேர்ந்த மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. சேரிக்காரர்கள் செல்போன்களிலிருந்த படமும் பேச்சும் டி.வி.யில் கசிந்து ஓடின. பாதிக்கப்பட்டவர்கள் ஆதாரம் என்று எடுத்து வைத்ததே அவர்களுக்கு எதிரான ஆதாரமாக்கப்பட்டது என்று ஊர் மக்களும் இயக்கங்களும் அந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்க மறுத்தார்கள். நம் கையில் இருக்கிற படம் நம் பக்கம்தான் பேசும் என்ற நம்பிக்கை அதோடு எனக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் அம்பேத்கரிடம் போனேன். தப்பிக்கிறதுக்காகப் போகவில்லை, அவருக்கும் ஒரு வண்டிக் கதை இருக்கிறது. 1929, சாலிஸ்காவ். தீண்டத்தகாதோர் குறைகளை விசாரிக்கிற அரசுக் கமிட்டியின் உறுப்பினராகப் போய்விட்டுத் திரும்புகிறபோது, ரயிலடியில் ஊர் மகர்கள் ஒருநாள் தங்கிப்போகச் சொல்கிறார்கள். ஒரு குதிரை வண்டிக்காரனும் மகரை ஏற்றி ஓட்ட மாட்டேன் என்கிறான். விருந்தாளியை நடத்திக் கூட்டிப்போவது கௌரவம் இல்லை என்று வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்டச் சொல்கிறார்கள். பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டுகிறது, வண்டியும் குதிரையும் ஆற்றில், அம்பேத்கர் கல்தரையில் விழுந்து கால் முறிகிறது. ஏன் அப்படி ஓட்டினார்கள் என்று பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் இதை அவரே எழுதினார். நடந்து பல வருஷம் கழித்து, தானே நேரம் பார்த்து, தன் சொற்களில். விழுந்ததை மட்டும் எழுதவில்லை, ஏன் விழ வேண்டி வந்தது என்பதையும், தன் மக்களின் கௌரவ ஆசையையும், அந்த வண்டிக்காரனின் அற்ப உயர்வையும் சேர்த்து எழுதினார். அந்தப் பாலத்தில் ஒரு கேமரா இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? கோட்டு சூட்டு போட்ட ஒருவர் தூக்கி எறியப்படுகிற பத்து விநாடி.

சொல்வது வேறு, பிடிபடுவது வேறு. 1992இல் பாமா 'கருக்கு' எழுதியபோது சொன்னார். அதற்கே அவர் ஊர் சனங்கள், எங்களை ஏன் வெளியே போட்டுக்கொடுத்தாய் என்று கோபித்துக்கொண்டார்கள். சொந்தக் கதையைச் சொல்கிறவரே கூட இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அடுத்தவன் இறங்கினதைப் படம் பிடித்தவன் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

திண்ணைக்காரர் முகத்தை மறைக்க வேண்டுமா என்று ஒரு தோழர் கேட்டார். அந்தக் கேள்வியில் அதிக நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை. கோர்ட்டில் மறைக்கக் கூடாது. வெளியில் போட்டால், ஒரு கிழவரின் முகத்தைக் காட்டிவிட்டுத் தெருவே தப்பித்துக்கொள்ளும். 'பெரிசு, பழைய ஆளு, அப்படித்தான்' என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே போன அம்மாவும் செல்போன் இளைஞனும் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

இப்படியெல்லாம் சுற்றி நான் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். பார்த்தபின் பதில் சொல்லியாக வேண்டியவர்கள், பதில் சொல்ல வேண்டாதவர்கள் என்று பார்க்கிறவர்கள் இரண்டு வகை. கோர்ட்டுக்கு, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், பதில் சொல்கிற கடமை இருக்கிறது. பதில் தப்பென்றால் மேலே போய்க் கேட்கலாம். சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்க வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவிலேயே வழி இருக்கிறது. பாதிக்கப்பட்ட சிறுவன் யார் என்று தெரிகிற மாதிரி வெளியிடக் கூடாது என்று 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. வாட்சப்பில் பார்க்கிறவனுக்கு எந்தக் கடமையும் இல்லை. உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளுவான். அவனுக்குக் காட்டுவது நம் வேலை இல்லை என்று நினைக்கிறேன். தாமிரபரணி மாதிரி, பதில் சொல்ல வேண்டியவனே கொன்றவனாக இருக்கும்போது ஊரைக் கூட்டித்தான் காட்ட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஒவ்வொன்றையும் அப்படி ஆக்கிவிடக் கூடாது. எப்படியானாலும், உயிரோடு படத்தில் இருக்கிறவனைக் கேட்காமல் முதல் அடி வைக்கக் கூடாது. இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும், மூன்றாவது வாரம் செய்தேன்.

பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் இதுவரை பார்க்கவில்லை. தான் இறங்குகிற இடத்தைப் பார்ப்பான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். அவன் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிட்டான். என் குரல் வந்ததும் நிறுத்தச் சொன்னான். "நீங்க ஏன்ணா தெரியாம வந்துட்டான்னு சொன்னீங்க?" கோபமாகக் கேட்கவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான். பயந்துட்டேன்டா என்றேன். தலையாட்டினான். பிறகு கடைசிவரை பார்த்தான். "நீங்களும் தள்ளிக்கினு வந்தீங்களா? எனுக்கு அன்னிக்குத் தெரியல" என்றான்.

அப்புறம் கொஞ்ச நேரம் வேறு பேசினோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். கல்குவாரிக் கூலிக்காரிகள், விவசாயக் கூலிக்காரிகள் சைக்கிளில் போகிற படங்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்தன. "அது ஏர்ற படம்ணா" என்றான்.

புகார் கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. படம் முழுசாக, என் கெஞ்சலோடு. நானும் சாட்சி. வெளியில் யாருக்கும் பிரதி இல்லை. எப்போது என்பதை அவன் அம்மா சொல்வார், ஊர் நிலத்தில் வேலை இருக்கிறவரை வேண்டாம் என்கிறார். தாமதமானால் வழக்கு பலவீனமாகும் என்று வக்கீலுக்குப் படிக்கிற தோழர் சண்டை போடுகிறார். அவர் சொல்வது சரி, அந்த அம்மா சொல்வதும் சரி. கூலி இல்லாமல் அவர்கள் சாப்பிடுகிற மூன்று மாசத்துக்கு நம் இயக்கம் என்ன செய்யும் என்று கேட்டேன். கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

இந்தக் கட்டுரையும் அந்தப் படத்தின் ஒரு பிரதிதானே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. அதனால் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தை அடித்துக் கொடுத்தான், அவை இங்கே இல்லை. 'இறங்கி நிற்கிறான்' என்று நான் எழுதியிருந்த ஒரு இடத்தில் ஓரத்தில் பென்சிலால், 'நான் எறங்கல, எறக்குனாங்க' என்று எழுதியிருந்தான். தன்வினை பிறவினை எம்.ஏ.வரை படித்தவன் நான், அவனுக்கு அந்தப் பாடத்தை நடத்தினவனும் நான். திருத்தப் பார்த்தேன். கட்டுரை முழுக்க இறங்கினான், இறங்கினேன் என்றே ஓடுகிறது. என்னுடையதைப் பொறுத்தவரை அது சரி, நான் இறங்கினவன்தான். அவனுடையதைத் திருத்தப் போனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தலைப்பை முதற்கொண்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

மெமரி கார்டு ஒரு கவருக்குள் ஒட்டி, மேலே மூன்று கையெழுத்தோடு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவன் அம்மா கைநாட்டு வைக்க மாட்டேன் என்று பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். சைக்கிளில் கேமரா இப்போது இல்லை. போன செவ்வாய்க்கிழமை ஏரிக்கரைப் பாதை காய்ந்திருந்தது, அது வழியாகத்தான் போனோம்.